ஸ்னூக்கர் கியூவோடு பூல் போட்டிக்குப் போகலாமா?

கேள்வி: ஆறு வருடமாக ஸ்னூக்கர் ஆடுகிறேன். அடுத்த மாதம் முதல்முறையாக ஒரு அமெச்சூர் நைன்-பால் (ஒன்பது பந்து பூல்) போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். என் ஸ்னூக்கர் கியூவே (ஆடும் கோல்) போதுமா? நண்பர் ஒரு ஜம்ப் கியூ (பந்தை எகிற வைக்கும் குட்டைக் கோல்) தருவதாகச் சொல்கிறார். அதன் டிப் (பந்தைத் தொடும் முனை) கல் மாதிரி இருக்கிறது. பிரச்சினை வருமா?

பதில்: உங்கள் ஸ்னூக்கர் கியூவால் வராது. அந்தக் கல் டிப்பால் வரலாம்.

உலக பூல் சங்கத்தின் அளவுகளைப் பின்பற்றும் போட்டி என்றே வைத்துக்கொள்வோம். கியூ குறைந்தது 40 அங்குல நீளம் இருக்க வேண்டும். அதிகபட்சம் என்று ஒன்று கிடையாது. எடை 25 அவுன்ஸைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் 709 கிராம். எவ்வளவு லேசாக இருந்தாலும் கேள்வி இல்லை. டிப்பின் அகலம் 14 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். உங்களுடையது ஒன்பதரை, பத்து மி.மீ.தான் இருக்கும். டிப்புக்குப் பின்னால் இருக்கும் பித்தளை வளையத்தை, அதாவது ஃபெரூலைப் பார்த்து எதிராளி முணுமுணுத்தால் கவலைப்படாதீர்கள். உலோக ஃபெரூல் ஒரு அங்குலத்துக்கு மேல் நீளக் கூடாது, அவ்வளவுதான் விதி.

ஆனால் உங்கள் ஸ்னூக்கர் கியூவை வைத்து பிரேக் (ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி) அடிக்காதீர்கள். இது விதி இல்லை, என் யோசனை. ஸ்னூக்கர் பந்து 52.5 மி.மீ., பூல் பந்து 57.15 மி.மீ.; எடையும் கூடுதல். மெல்லிய ஷாஃப்டை (கியூவின் முன்பகுதி) வைத்து அதை முழு பலத்தோடு அடித்தால் டிப் பிதுங்கும், ஃபெரூல் ஆட்டம் காணும். கிளப்பில் இருக்கும் பொதுக் கியூவை பிரேக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவே கியூ மாற்ற அனுமதி உண்டு. எக்ஸ்டென்ஷன் (கியூவை நீளமாக்கும் துண்டு) மாட்டிக்கொள்ளலாம், கையுறையும் போடலாம்.

இப்போது ஜம்ப் கியூ. முதலில் டேப் வைத்து அளந்து பாருங்கள். கடைகளில் கிடைப்பவை 40, 41 அங்குலத்தில்தான் இருக்கும். டிப் தேய்ந்து, ஃபெரூல் மாற்றி, அரை அங்குலம் குறைந்துபோன பழைய கியூ என்றால் சிக்கல். அப்புறம் டிப். பதப்படுத்திய தோல், அல்லது நார்த்தன்மையோ வளையும் தன்மையோ உள்ள வேறு பொருள் என்கிறது விதி. கியூ பாலை (கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்து) கீறவோ சேதப்படுத்தவோ கூடாது என்றும் சொல்கிறது. நீங்கள் சொல்லும் டிப் அநேகமாக பினாலிக் பிசின் என்ற கடினமான பிளாஸ்டிக்கில் செய்தது. பந்தும் அதே வகைப் பிசின்தான். இரண்டும் மோதும்போது தொடும் நேரம் குறைவு என்பதால் பந்து சட்டென்று எகிறும். அதனால்தான் அதற்கு இவ்வளவு மவுசு. சில அமைப்பாளர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை, சிலர் மேசைப் பக்கமே விடுவதில்லை. ஜம்ப் கியூவையே தடை செய்த லீக்குகளும் உண்டு.

உங்கள் ஸ்னூக்கர் கியூ முக்கால் ஜாயிண்ட் (முன்பக்கம் முக்கால், பின்பக்கம் கால் எனக் கழற்றக்கூடியது) வகையாக இருந்தால், பின்துண்டைக் கழற்றிவிட்டு ஜம்ப் அடிக்கலாமே என்று தோன்றும். மீதி நீளம் 40 அங்குலத்தைத் தாண்டும், சரிதான். ஆனாலும் கியூவைக் கழற்றி ஜம்ப் அடிக்கக் கூடாது என்று தனியாக விதி வைத்திருக்கும் இடங்கள் இருக்கின்றன.

ஆகவே அமைப்பாளருக்கு இன்றைக்கே ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: ஜம்ப் கியூ உண்டா, பினாலிக் டிப் உண்டா, கழற்றி அடிக்கலாமா. டிப்பின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். எதிராளி கையைத் தூக்கும்போது நடுவரிடம் காட்ட அது உதவும்; ஆட்டம் தொடங்கிய பிறகு கேட்டால் பதில் பெரும்பாலும் 'வேண்டாம்' என்றுதான் வரும்.

மறக்க வேண்டாம், டிப்பில் தேய்க்கும் சாக்கின் (சுண்ணக்கட்டி) நிறம் மேசைத் துணியோடு ஒத்துப்போக வேண்டும். பூல் மேசையில் நீலத் துணி விரித்திருந்தால் உங்கள் பச்சை சாக்கைப் பையிலேயே விட்டுவிடுங்கள்.