ராக் பாடகர்கள் பற்றிய வேடிக்கைத் துணுக்குகளில் எது புளுகு, எது நிஜம்?

களியக்காவிளையில் கானமேளா குழு நடத்தும் நீங்கள், பாட்டுகளுக்கு நடுவே மைக்கில் சொல்ல வரும் துணுக்குகளை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மைக்கேல் ஜாக்சன் மூன்வாக் கற்றது மார்த்தாண்டத்து ரப்பர் தோட்டத்தில், மழையில் வழுக்கி என்பதைத் தாராளமாகச் சொல்லுங்கள். யாரும் நம்பப்போவதில்லை.

சிக்கல், ஆதாரத்தோடு வரும் புளுகில்தான். 1969-இல், பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் பால் மெக்கார்ட்னி செத்துவிட்டார், இப்போது குழுவில் இருப்பது போலி ஆள் என்று அமெரிக்காவில் வதந்தி பரவியது. சாட்சி, அந்தக் குழுவின் 'அபி ரோடு' இசைத்தட்டின் அட்டைப்படம். அவர் மட்டும் வெறுங்காலோடு நடக்கிறார். பின்னால் நிற்கும் கார் எண்ணில் '28 இஃப்' என்று தெரிகிறது. ஆங்கிலத்தில் 'இஃப்' என்றால் 'இருந்தால்'. உயிரோடு இருந்தால் 28 வயதாம்! அவர் பிறந்தது 1942 ஜூனில். கூட்டிக் கழித்தால் 27தான் வருகிறது. ஆளும் அதன்பிறகு பல பத்தாண்டுகள் பாடினார்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் சுவிட்சர்லாந்தில் உடம்பு ரத்தத்தையே மாற்றினார் என்பது, நிருபர்களிடம் அவரே அடித்துவிட்ட புளுகு.

அப்புறம், புளுகு போலத் தெரியும் நிஜங்கள். குயின் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில் படித்தவர். வான் ஹேலன் என்ற அமெரிக்க ராக் குழு 1982 ஒப்பந்தத்தில், மேடைக்குப் பின்னால் தங்களுக்கு வைக்கும் பல நிற எம் அண்ட் எம் மிட்டாய்க் கிண்ணத்தில் பழுப்பு நிறத்தில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று எழுதியது. திமிர் இல்லை, தந்திரம். கிண்ணத்தில் பழுப்பு தெரிந்தால், அமைப்பாளர் ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை. மேடை பாரம், மின்சாரம் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும் என்று அர்த்தம். கோயில் திருவிழா கமிட்டியிடம் நீங்களும் ஏத்தங்காய் சிப்ஸ் வைத்து முயன்று பார்க்கலாம். சாயா கிடைக்காமல் போனால் நான் பொறுப்பல்ல.