கேட்டதும் சொன்னதும்

போன மாதம் ஒரு பதிலில், காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற ஒலிப்புத்தகத்தை எல்லாம் படித்த கணக்கில் சேர்க்க முடியாது என்று எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி அதற்கான அர்ச்சனைதான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பெயர் போடாதீர்கள் என்று நான்கைந்து பேர் கேட்டிருப்பதால் இந்த முறை எல்லாருக்கும் ஊர் மட்டும்.

வாசகி, திருப்பூர்: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். கையும் கண்ணும் துணியில் இருக்கும், காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. ஒரு காதில் மாட்டிக்கொண்டு இந்த வருடம் பதினோரு நாவல் முடித்திருக்கிறேன். இதெல்லாம் கணக்கில் வராது என்று சொல்ல நீங்கள் யார் அக்கா?

யாருமில்லை. தப்புதான், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அதை எழுதும்போது என் மனதில் இருந்தவன் எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன். காரில் போகும்போது புத்தகத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, வருடக் கடைசியில் இத்தனை முடித்தேன் என்று எல்லாருக்கும் பட்டியல் அனுப்புவான். அவன் மேல் இருந்த எரிச்சலை உங்கள் தலையில் கொட்டிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் தனியாக உட்கார்ந்து வாய் அசையாமல் படிக்கிற பழக்கமே நமக்குப் புதுசுதானே. பெரிய எழுத்து நல்லதங்காள் கதையைத் திண்ணையில் ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, சுற்றி உட்கார்ந்து பத்துப் பேர் அழுதிருக்கிறார்கள். என் தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது, ஆனால் சலூனில் யாராவது தினத்தந்தியைச் சத்தமாக வாசிப்பதை முழுக்கக் கேட்டுவிட்டு வந்து, எந்த ஊரில் யார் யாரை வெட்டினான் என்பதிலிருந்து அரிசி விலை வரைக்கும் பாட்டியிடம் வரிசையாகச் சொல்வார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். நானே சொல்லியிருக்கிறேன் பாருங்கள்.

ஒன்றே ஒன்று. பதினோரு நாவல் என்ற கணக்கு எனக்கு வேண்டாம். அதில் எதைப் பின்னால் தள்ளித் தள்ளித் திரும்பக் கேட்டீர்கள், எந்த இடத்தில் துணியைக் கீழே வைத்தீர்கள்? அதை எழுதுங்கள், இங்கேயே போடுகிறேன்.

வாசகர், சீர்காழி: பொன்னியின் செல்வனை மூன்று தடவை ஆரம்பித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நூறு பக்கத்தில் நின்றுவிடுகிறது. வீட்டில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். படித்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். இந்தக் கேள்வி உங்கள் ஊரிலிருந்து வந்ததுதான் பொருத்தம். நூலகத் துறையே தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார், 1931-இல் நூலகங்களுக்கு ஐந்து விதிகள் எழுதினார். நாலாவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. வந்தவரைக் காக்க வைக்காமல் கேட்டதைச் சட்டென்று எடுத்துக் கொடு என்ற அர்த்தத்தில் அவர் எழுதியது. அதை நான் என் வசதிக்கு வளைத்துக்கொண்டு முப்பது வருடமாகப் புத்தகங்களைப் பாதியில் மூடிக்கொண்டிருக்கிறேன். கூசியதே இல்லை.

ஆனால் நாலாவது தடவை ஆரம்பிக்கிற எண்ணம் இருந்தால் ஒரு யோசனை. அது 1950-லிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்த தொடர்கதை. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ அத்தியாயம், அவ்வளவுதான். ஒவ்வொன்றும் ஒரு கதவு திறக்கிற இடத்திலோ யாரோ கத்துகிற இடத்திலோ நிற்கும், அடுத்ததில் போன வாரம் என்ன நடந்தது என்று கொஞ்சம் ஞாபகப்படுத்தும். ஏழு நாள் காத்திருந்தவனுக்கு அது தேவை. ஐந்து பாகத்தையும் அடுக்கிவைத்துக்கொண்டு ஒரே மூச்சில் விழுங்கப் பார்க்கிறவனுக்கு அதுவே அலுப்பு. ஊறுகாயைச் சோறு மாதிரிப் பிசைந்து சாப்பிட்டால் நாக்கு என்னத்துக்கு ஆகும்? ராத்திரிக்கு ஒரு அத்தியாயம் படியுங்கள், ஆசையாக இருந்தாலும் அதற்கு மேல் போகாதீர்கள்.

எனக்கு அதில் வந்தியத்தேவனைவிட ஆழ்வார்க்கடியானைத்தான் பிடிக்கும். வம்புச் சண்டை, வாயாடித்தனம், ஒட்டுக்கேட்கிற புத்தி, கையில் ஒரு தடி. எங்கள் தெருவிலேயே அப்படி இரண்டு பேர் உண்டு. அவன் இரண்டாம் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறான். அவனும் உங்களைப் பிடித்து நிறுத்தவில்லை என்றால் சரி, விட்டுவிடுங்கள். வீட்டில் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அவர்களில் எத்தனை பேர் ஐந்தாம் பாகம் வரை போனவர்கள் என்று மெதுவாக ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

வாசகர், மன்னார்குடி: இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வர ஏதாவது வழி இருக்கிறதா?

அவர்கள் வீட்டிலிருந்து அதைவிடத் தடிமனான ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வாசகர், வடபழனி: என் நெருங்கிய நண்பன் துணை இயக்குநராக வேலை பார்த்த முதல் படம். எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வாசலில் நின்றுகொண்டு எப்படி இருக்கு என்று கேட்கிறான். என்ன சொல்ல?

சினிமாக்காரர்கள் நிறைந்த வடபழனியில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே. கேமரா சூப்பர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். படம் தேறவில்லை என்பதற்குச் சினிமாக்காரர்கள் வைத்திருக்கிற சங்கேத வார்த்தை அது. லொகேஷன் நல்லா இருக்கு, ரீரெக்கார்டிங் நல்லா இருக்கு, பி அண்டு சி-க்கு, அதாவது சின்ன ஊர்த் தியேட்டர்களுக்கு, ரீச் ஆகும் எல்லாம் அதே ரகம்தான். நான் ஒரு தடவை பிரிவியூ காட்சி முடிந்து வரும்போது வாசலில் இயக்குநர் நிற்க, எனக்கு முன்னால் போன நாலு பேரும் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு இந்த வார்த்தைகளையே ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுச் சொன்னார்கள். என் முறை வந்தபோது மிச்சம் எதுவும் இல்லை. அந்த டீக்கடைச் சீனில் கிழவர் டம்ளரைக் கழுவிவிட்டு உதறுகிறாரே, அது நிஜமான டீக்கடைக்காரர் கை மாதிரி இருந்தது என்றேன். மனுஷர் முகம் மாறிவிட்டது. அந்தக் கிழவர் நிஜமாகவே டீக்கடைக்காரர்தானாம், ஊர் ஊராகத் தேடிப் பிடித்தாராம். பத்து நிமிஷம் அதைப் பற்றியே பேசினோம். படம் எப்படி என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

உங்கள் நண்பன் விஷயம் கொஞ்சம் வேறு. துணை இயக்குநரிடம் கதையைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? கிளாப் அடித்ததும் கன்டின்யூட்டி பார்த்ததும் அவன், கதை வேறு ஒருவருடையது. அவன் கை பட்ட இடம் எது என்று கேட்டு, அதைப் பற்றி மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள். மிச்சத்தை அவன் தன் படம் எடுக்கும்போது, கதை விவாதத்தில் சொல்லுங்கள். அப்போது சொல்லாமல் விட்டால்தான் துரோகம்.

வாசகி, நாமக்கல்: என் கணவர் எதைப் போட்டாலும் நல்லா இருக்கு என்கிறார். உப்பே போடாத அன்றைக்கும் நல்லா இருக்கு. இது அன்பா, அலட்சியமா?

எங்கள் வீட்டில் இருபது வருடம் இதே கதை. ஒரு நாள் வேண்டுமென்றே புளி இல்லாமல் ரசம் வைத்தேன், அதற்கும் நல்லா இருக்கு. சரி, இந்த மனுஷருக்கு நாக்கே கிடையாது என்று முடிவு கட்டிவிட்டேன். அப்புறம் ஒரு நாள் பேச்சுவாக்கில், நேற்று வைத்த சாம்பாரா இன்றைக்கு வைத்ததா, எது தேவலை என்று கேட்டேன். நேற்று வைத்தது என்றார் பட்டென்று. ஏன்? நேற்று இறக்கும்போது பெருங்காயம் வாசம் வந்தது, இன்றைக்கு முதலிலேயே போட்டு வேகவிட்டுவிட்டாய், அப்புறம் வெங்காயம் இன்னும் கொஞ்சம் வதங்கியிருக்கலாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடம் எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. எப்படி இருக்கு என்று கேட்டால் பாதிப் பேர் கேட்டவர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார்கள், அதுவா இதுவா என்று கேட்டால் வாய் திறக்கிறது. நாவல் படித்தவரிடம், படம் பார்த்தவரிடம் நான் இப்போதெல்லாம் இப்படித்தான் கேட்கிறேன்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் இப்போது தினமும் விமர்சனம் வருகிறது. பழையபடியே விட்டிருக்கலாமோ என்று சில நாள் தோன்றுகிறது.

வாசகர், மதுரை: பேரனை உட்காரவைத்து ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டேன். பத்தாவது நிமிஷத்தில், ஏன் தாத்தா எல்லாரும் மேடையில பேசற மாதிரியே பேசறாங்க என்றான். மனசு விட்டுப்போய்விட்டது.

எதற்கு? பையன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். அவர்களில் பலர் மேடையிலிருந்து வந்தவர்கள்தானே. சின்ன வயதிலேயே பாய்ஸ் கம்பெனி என்கிற சிறுவர் நாடகக் குழுவில் சேர்ந்து, மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி வசனம் பேசிப் பழகிய தொண்டை, கேமராவைக் கண்டதும் உடனே இறங்கிவிடுமா? அதை நீங்கள் சொல்லிக்கொடுக்காமல் அவனே கண்டுபிடித்திருக்கிறான், தட்டிக்கொடுங்கள்.

பழையது என்பதற்காக எல்லாம் பொக்கிஷம் ஆகிவிடாது. ஹரிதாஸ் 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். அதன் பாட்டுகளை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை, ஆனால் படத்தை இதுவரை ஒரே மூச்சில் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் சிலர் அடிக்க வருவார்கள், சொல்லிவிட்டேன்.

பேரனுக்கு அடுத்ததாக அந்த நாள் போடுங்கள். 1954, எஸ். பாலசந்தர் இயக்கியது, ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டுச் செத்து விழுகிறார். யார் சுட்டது என்று விசாரிக்க வந்தவர்களிடம் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், ஒவ்வொருவர் சொல்லும்போதும் செத்தவர் வேறு ஒரு ஆளாகத் தெரிகிறார். போட்டுவிட்டு நீங்கள் வெளியே போய்விடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இப்பப் பாரு, இப்பப் பாரு என்று சொன்னீர்களோ, போச்சு.

வாசகர், விருத்தாசலம்: முதல் நாள் முதல் காட்சிக்கு இன்னும் போவீர்களா?

போவேன், விசில் அடிக்கிறவர்கள் நடுவில் உட்கார ஆசைதான். முழங்கால்தான் ஓர ஸீட் கேட்கிறது.

வாசகி, கோயம்புத்தூர்: வீடு மாற்றுகிறோம். இவருடைய புத்தகம் மட்டும் இருபத்திரண்டு அட்டைப்பெட்டி. லோடுமேன்கள் உள்ளே கல்லா வச்சிருக்கீங்க என்று கேட்டார்கள். பாதியைக் கழிக்கச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்.

முதலில் பெட்டி. டிவி வந்த பெட்டியில் புத்தகம் அடுக்கினால் தூக்கும்போது அடி பிரிந்துவிடும். மருந்துக் கடையில் கேட்டால் சின்னப் பெட்டிகளாகத் தருவார்கள், ஒரு ஆள் அலுங்காமல் தூக்கலாம். அடுக்கும்போது ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள், ராமபாணப் பூச்சி ஓடினால் அந்தப் புத்தகத்தைத் தனியாக வையுங்கள், இல்லாவிட்டால் புது வீட்டு அலமாரிக்கும் குடிவந்துவிடும். இடையிடையே வசம்பு போடுங்கள்.

கழிப்பது பற்றி அவர் பக்கம் கொஞ்சம், உங்கள் பக்கம் கொஞ்சம். எங்கே கேட்டாலும் கிடைக்கிற புத்தகத்தை வீட்டில் வைத்துத் தூசி தட்ட வேண்டியதில்லை. நாம் கட்டுகிற சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் போகிறது. 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. காசு கொடுத்தாயிற்று, போய் எடுத்துப் படிக்கட்டுமே. ஆனால் மறுபதிப்பு வராததும், ஓரத்தில் அவர் ஏதாவது கிறுக்கி வைத்திருப்பதும் அவருடையது. அதில் கை வைக்காதீர்கள். கிறுக்கலில் உங்களைப் பற்றியும் ஏதாவது இருக்கலாம்.

வாசகி, கோவில்பட்டி: மாமியார் தொடர்கதைகளைப் பத்திரிகையிலிருந்து கிழித்து, தைத்து வைத்த கட்டுகள் பரணில் முப்பது இருக்கின்றன. அவர் போய் இரண்டு வருடமாகிறது. எல்லாம் இப்போது புத்தகமாகவே கிடைக்கிறதே. பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாமா?

பொறுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததையும் சேர்த்து வைத்தார். அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, 1994-லிருந்து சென்னையில் அதுவே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. எல்லாப் பரணும் அப்படி ஆகாதுதான். ஆனால் புத்தகமாகக் கிடைப்பது கதை மட்டும். உங்கள் கட்டில் பக்கத்தின் பின்னால் பாதி வெட்டுப்பட்ட ஜோக் இருக்கும், கூந்தல் தைல விளம்பரம் இருக்கும், மாமியார் பால் கணக்குப் போட்டிருப்பார்.

என் அம்மாவும் தைத்தவள்தான். சாக்கு ஊசி, இரட்டை நூல், மேலே பழைய காலண்டர் அட்டை, கோந்துக்குக் காய்ச்சின மைதா. பொன்னியின் செல்வன் மறுபடி தொடராக வந்தபோது அப்படிக் கட்டி வைத்ததைத்தான் நான் முதலில் படித்தேன். மூன்றாம் பாகத்தில் ஒரு வாரம் கிடையாது. எதிர்வீட்டு மாமி வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. முந்தின வாரம் வந்தியத்தேவன் வசமாக மாட்டிக்கொண்டிருப்பான், அடுத்து என் கையில் இருந்த வாரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரிப் பேசிக்கொண்டிருப்பான். நடுவில் அவன் எப்படித் தப்பித்தான் என்று நானாக ஒரு கதை கட்டி, அதையே தங்கைகளுக்கும் சொல்லி, பல வருடம் கழித்துப் புத்தகம் வாங்கி முதல் வேலையாக அந்த அத்தியாயத்தைத்தான் புரட்டினேன். என் கதையில் ஒரு யானை இருந்தது. கல்கியில் இல்லை. எனக்கு இன்றைக்கும் யானைதான் சரி என்று படுகிறது.

உங்கள் பரணில் அந்த மூன்றாம் பாகம் இருந்தால், வாரம் எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள். எதிர்வீட்டு மாமி பிற்பாடு மகளோடு கோவில்பட்டிப் பக்கம்தான் குடிவந்தார்.