ஜாயின் செய்தால் ஒரே குடும்பம் மூன்று முறை வருகிறது
ரோஸ் ஹில் கோயிலின் தைப்பூசக் காவடிப் பதிவில் குடும்பம், உறுப்பினர் டேபிள்களை ஜாயின் செய்து டேப்பரில் (குவெரி தரும் வரிகளை சி-ஷார்ப் ஆப்ஜெக்டாக மாற்றும் லைப்ரரி) எடுத்தால், மூன்று பேர் உள்ள குடும்பம் மூன்று ஆப்ஜெக்டாக வருகிறது என்கிறீர்கள். குவெரியில் கோளாறு இல்லை. ஜாயின் உறுப்பினருக்கு ஒரு வரி தருகிறது. டேப்பரும் வரிக்கு ஒருமுறை, குடும்பத்தையும் உறுப்பினரையும் இணைக்கும் உங்கள் மேப்பிங் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. வெளியே, குடும்ப ஐடியைச் சாவியாகக் கொண்ட ஒரு டிக்‌ஷனரி வைத்து, அந்த ஃபங்ஷனுக்குள் குடும்ப ஐடியைத் தேடுங்கள். இருந்தால் அதே ஆப்ஜெக்டின் லிஸ்டில் உறுப்பினரைச் சேருங்கள், இல்லையென்றால் புதிதாகப் போடுங்கள். கடைசியில் டிக்‌ஷனரியில் இருப்பதை மட்டும் எடுத்தால் சரி. உறுப்பினர் டேபிளின் முதல் நெடுவரிசையின் பெயர் 'ஐடி' இல்லையென்றால், வரியை எங்கே பிரிப்பது என்று டேப்பருக்குச் சொல்லும் ஸ்ப்ளிட்ஆனில் அதன் பெயரைக் கொடுங்கள். குடும்பத்துக்கு ஒரு குவெரி என்று லூப்பில் மட்டும் விடாதீர்கள், பூச நெரிசலில் சர்வர் படுத்துவிடும். அப்புறம், இந்த ஜாயின் குவெரியில் லிமிட் 20 போட்டால் 20 குடும்பம் வராது, 20 வரிதான் வரும்.