தலைவர் தேடும் இலக்கிய வட்டம்

கேள்வி: எங்கள் ஊரில் மாதந்தோறும் கூடிவந்த இலக்கிய வட்டம், நிறுவனர் காலமானபின் நின்றுபோய்விட்டது. இளைஞர்களுக்கு அக்கறை இல்லை. தகுதியான தலைவரும் அமையவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், வில்லியனூர்

பதில்: இளைஞர்கள் மீது பழி போடுவதற்கு முன், நிறுவனர் இருந்த காலத்தில் அவர்களிடம் எந்தப் பொறுப்பை ஒப்படைத்திருந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நம் பக்கத்துக் கூட்டங்கள் பலவற்றில் நாற்காலி போடுவதும், மைக் செட்காரரை அழைத்து வருவதும், பொன்னாடையைத் தட்டில் ஏந்தி நிற்பதும் இளைஞர்களின் வேலை. எந்த நூலை எடுத்துக்கொள்வது, யாரைப் பேச அழைப்பது, வசூலான பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதெல்லாம் மேடையில் அமரும் நாலைந்து பேர் தமக்குள் முடித்துக்கொள்ளும் காரியம். முடிவெடுக்கவே பழக்கப்படாத ஒருவர், நிறுவனர் மறைந்த மறுமாதமே பொறுப்பேற்க முன்வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

நாடகத் தலைமை ஆசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி, உங்களுக்கு அருகில், புதுச்சேரி கருவடிக்குப்பத்தில்தான் இருக்கிறது. 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய அவர், சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்ததோடு நிற்கவில்லை. அங்கே சேர்ந்த சிறுவன் தி.க. சண்முகம் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் நன்கறிந்த செய்தி. அத்தனை பெரிய ஆசிரியர், முழு நாடகத்தின் பாரத்தையும் பத்து வயதுகூட நிரம்பாத பிள்ளையின் தோளில் நம்பி ஏற்றினார். 1922இல் சுவாமிகள் புதுச்சேரியில் மறைந்தார். 1925இல் சண்முகமும் அவருடைய சகோதரர்களும் சொந்தமாக ஒரு சபையைத் தொடங்கி, ஊர் ஊராக நாடகம் நடத்தினார்கள். அந்தத் துணிவு அவர்களுக்குச் சுவாமிகளின் சபையில் கிடைத்தது என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே தலைவர் தேடுவதை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். அடுத்த கூட்டத்தை இளைஞர்கள் இருவரிடம் முழுமையாக ஒப்படையுங்கள். நூலையும் பேச்சாளரையும் அவர்களே முடிவுசெய்யட்டும், வரவு செலவு நோட்டும் அவர்களிடமே இருக்கட்டும். அவர்கள் எடுக்கும் நூல் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அப்போதும் வந்து, கீழே வரிசையில் அமர்ந்து, கடைசிவரை கேளுங்கள். பேச்சாளர்களின் தொலைபேசி எண்கள், மண்டபக்காரருடன் உள்ள பழக்கம், பழைய நன்கொடையாளர் பட்டியல் ஆகிய மூன்றும் மூத்தவர்களான உங்களிடம் மட்டுமே இருக்கும். அவற்றை மறைக்காமல் கொடுத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பு வேறு இருவருக்கு மாறும் என்பதையும் முதல் கூட்டத்திலேயே அறிவித்துவிடுங்கள்.