பாதிப் பெயர்

அன்புள்ள ஐயா,

என் அப்பா போன மாதம் காலமானார். திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டி ஒன்று சொந்தமாக வைத்திருந்தார். ராஜஸ்தான், தெலங்கானா, சத்தீஸ்கர் என்று வருஷத்தில் பாதி நாள் வெளியூர்தான். புது ஊர், புது பாஷை என்றால் அவருக்குக் கொண்டாட்டம். ஊருக்கு வந்துவிட்டால் எங்களை விட்டு நகரமாட்டார். இல்லாதப்பட்ட விவசாயி காட்டில் தண்ணீர் விழவில்லை என்றால் கூலி வாங்காமல் வந்துவிடுவார். வண்டியில் வேலை செய்த ஒடிசா பையனின் தங்கை கல்யாணச் செலவை அவரே ஏற்றுக்கொண்டார். கடைசியில் மிச்சம் கடன்தான். “ஊருக்கு வள்ளல், நமக்கு என்ன?” என்கிறான் அண்ணன். அம்மா வாயே திறப்பதில்லை. நினைவு மலர் அச்சடிக்கப் போகிறேன். எழுதியதை இணைத்திருக்கிறேன், திருத்தித் தர முடியுமா? கடனைப் பற்றி எழுதலாமா? அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவுக்கு என் அஞ்சலி. சில நாட்களாக என் பெரியம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

இணைப்பைப் படித்ததும் கோபம் வந்தது. ‘அஞ்சா நெஞ்சர், கொடை வள்ளல், பாசமிகு தந்தை, பண்பின் சிகரம்.’ இதில் உங்கள் அப்பா எங்கே இருக்கிறார்? படத்தையும் பெயரையும் மாற்றிவிட்டால் அடுத்த தெருவில் இறந்தவருக்கும் இதையே அச்சடிக்கலாம். கடிதத்தில் ‘தண்ணீர் விழவில்லை என்றால் கூலி வாங்காமல் வந்துவிடுவார்’ என்று எழுதியவர் நீங்கள்தானே? மலரில் அந்த வரியையே காணோம். எனக்கு எழுதும்போது மகனாக எழுதினீர்கள். அச்சுக்கு என்றதும் மேடையேறிவிட்டீர்கள்.

அந்த ஒரு வரியை விரித்து எழுதுங்கள். கூலி வாங்காமல் வருவது என்றால் என்ன என்று போர் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்களுக்குத் தெரியாது. துளை போடுகிற ரிக் ஒரு வண்டி, கூடவே சாமான் வண்டி ஒன்று, கம்ப்ரசர் குடிக்கிற டீசல் தனி. காற்றின் வேகத்தில் சுத்தியல் பாறையை இடிக்கும், இடிந்த கல்மாவை அதே காற்று மேலே ஊதித் தள்ளும். சுற்றி நிற்பவர்களின் புருவம், இமையெல்லாம் வெள்ளை பூத்துவிடும். துளைக்குள் இறக்குகிற இரும்புக் குழாய்தான் ராடு, ஒன்று 20 அடி. எத்தனை ராடு இறங்கியது என்று எண்ணித்தான் ஆழம் சொல்வார்கள். காட்டுக்காரர் மாவைக் கையில் ஏந்தி ஏந்திப் பார்ப்பார். நிறம் மாறுகிறதா, ஈரம் தட்டுகிறதா என்று. எண்ணூறு அடி தாண்டியும் புகையாகவே வந்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. அந்த முகத்தைப் பார்த்து “காசு வேண்டாம் விடுங்க” என்று சொன்னவர் உங்கள் அப்பா. சரி, டீசல் போட்ட பெட்ரோல் பங்க்காரர் விடுவாரா? பையன்கள் சம்பளம்? வண்டித் தவணை? அது எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. உங்கள் அம்மாவுக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் என் பெரியம்மா. எங்கள் பெரியப்பாவும் உங்கள் அப்பாவைப் போன்றவர். புல்லட்டில் நேபாளம் வரை போய்வந்தவர். வழியில் பழகிய லாரிக்காரர், சாமியார், வேலை தேடி வந்த பையன் என்று யாரையாவது ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டுக்குக் கூட்டிவருவார். அவர் இறந்தபோது வாசல் கொள்ளாத கூட்டம். ஆளுக்கொரு கதை சொன்னார்கள், எல்லாம் உண்மை. ரொம்ப நாள் கழித்து ஒருமுறை பெரியம்மாவிடம் அதைப் பற்றிப் பேசினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்தார். “கூட்டிட்டு வந்தது அவுரு. அந்நேரத்துக்கு ஒல வெச்சது ஆரு? பாதிப் பேரு எனக்குச் சேரோணுமல்லோ சாமி?” என்றார். குரலில் வருத்தமே இல்லை. நியாயமாகத் தன் பங்கைக் கேட்டார். அந்தக் கூட்டத்தில் ஒருவரும் அதைக் கொடுக்கவில்லை.

உலகம் முழுக்க இதே கதைதான். எட்மண்ட் ஹிலாரி என்றால் 1953 மே 29, எவரெஸ்ட் உச்சி, டென்சிங்கோடு நின்றது. நியூசிலாந்தின் ஐந்து டாலர் நோட்டில் இன்றும் அவர் முகம் இருக்கிறது. அந்த வருஷமே லூயிஸைக் கல்யாணம் செய்துகொண்டார். பெண்ணிடம் நேரில் கேட்கத் தைரியம் வராமல் அவள் அம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னாராம், எவரெஸ்ட் ஏறிய மனிதர்! அதற்கப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பெரிது. நேபாளத்தில், 1961-இல் கும்ஜுங்கில் அந்த மலை மக்களான ஷெர்பாக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், 1964-இல் லுக்லாவில் விமான ஓடுதளம், 1966-இல் குன்டேயில் ஆஸ்பத்திரி. லூயிஸ் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்த மலைக்கே போனவர். 1975-இல் பாப்லுவில் அடுத்த ஆஸ்பத்திரி எழும்பிக்கொண்டிருந்தது. கணவர் அங்கே வேலையில் இருக்க, அவரிடம் போய்ச் சேர மார்ச் 31 அன்று காட்மாண்டுவில் லூயிஸும் பதினாறு வயது மகள் பெலிண்டாவும் சின்ன விமானம் ஏறினார்கள். ஏறிய உடனே அது விழுந்தது. இருவருமே போய்விட்டார்கள். ஹிலாரி நொறுங்கிப்போனார். ஆனாலும் அந்த ஆஸ்பத்திரி கட்டி முடிக்கப்பட்டது. அவர் 2008 வரை இருந்தார். அந்தக் கொடைக்கு அந்த வீடு கொடுத்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள். லூயிஸை விட்டுவிட்டு ஹிலாரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

உங்கள் அண்ணன் மேல் எனக்குக் கோபமில்லை. கடன்காரருக்குப் பதில் சொல்கிறவர் அவர்தான் போலிருக்கிறது. அப்பா பக்கத்தில் இல்லாத நாட்களை அவர் உங்களைவிடக் கூடுதலாக எண்ணியிருப்பார். அவர் சொன்னதையும் மலரில் போடுங்கள், அவர் சம்மதித்தால். அப்பாவின் பெருமை அதனால் குறைந்துவிடாது. குறையும் என்று பயப்படுகிறவருக்குத்தான் ‘பண்பின் சிகரம்’ தேவைப்படுகிறது.

அறக்கட்டளையெல்லாம் அப்புறம். முதலில் கடனை அடையுங்கள். அதை எழுதலாமா என்று கேட்பதே தப்பு. எத்தனை ரூபாய், எந்த வருஷத்து வறட்சியில், எந்தக் காட்டில் தண்ணீர் விழாமல் போனதால் என்று எழுத முடிந்தால் எழுதுங்கள்.

அம்மா வாயே திறப்பதில்லை என்கிறீர்கள். யாராவது கேட்டீர்களா? துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அவரிடம் அப்பாவின் பெருமையைச் சொல்லியிருப்பார்கள். அவரிடமிருந்து ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். “அப்பா எப்படிப்பட்டவர்?” என்று பேட்டி எடுப்பதுபோல ஆரம்பிக்காதீர்கள். எந்த நகை எந்த பேங்கில் இருந்தது, எப்போது மீட்டது, எது மீளவே இல்லை, அப்பா ராஜஸ்தானில் இருந்தபோது உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யாருடைய வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார், அந்த ஒடிசா பையனுக்கு நம் வீட்டில் என்ன சாப்பாடு பிடிக்கும். இப்படிச் சின்னச் சின்னதாகக் கேளுங்கள். திட்டினால் திட்டட்டும், அழுதால் அழட்டும். சொன்னதை அவர் சொன்ன பேச்சிலேயே எழுதுங்கள், உங்கள் தமிழுக்கு மாற்ற வேண்டாம்.

இன்னொன்று. போர் வண்டிக்காரர்கள் பாக்கெட் டைரி வைத்திருப்பார்கள். ஊர், அடி, கேசிங் பைப், வர வேண்டிய பாக்கி எல்லாம் அதில் இருக்கும். உங்கள் அப்பா வாங்காமல் விட்ட கூலியும் அதில் எங்காவது அடித்துவிடப்பட்டிருக்கும். வீட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று அந்த டைரிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அண்ணனிடமும் இன்றே சொல்லி வையுங்கள்.