அமெரிக்கப் படை கிளம்பும் தேதி ஏஜென்டுக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: என் கணவர் சமையல் மாஸ்டர், எட்டாவது வரை படித்தவர். ஈராக்கில் எர்பில் பக்கம் அமெரிக்க ராணுவ முகாம் மெஸ்ஸில் இரண்டு வருட வேலை என்று திருச்சி ஏஜென்ட் ஒருவர் 2.75 லட்சம் கேட்கிறார். முதலில் விசிட் விசாவில் துபாய் போய், அங்கிருந்து ஈராக் போக வேண்டுமாம். 2026 செப்டம்பரோடு அமெரிக்கப் படை வெளியேறப் போகிறதாமே என்று கேட்டால், "பார்லிமென்டே போகச் சொல்லியும் போகாதவன் இப்போ மட்டும் போவானா?" என்கிறார். நகையை அடகு வைத்துக் கட்டலாமா?
— வாசகி, மன்னார்குடி

பதில்: வைக்காதீர்கள், சகோதரி.

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. 2020 ஜனவரியில் ஈரானியத் தளபதி காசிம் சுலைமானியை அமெரிக்கா பாக்தாத்தில் கொன்றது. இரண்டாம் நாளே ஈராக் நாடாளுமன்றம், அந்நியப் படைகளை வெளியேற்றச் சொல்லித் தீர்மானம் போட்டது. படை போகவில்லை. அந்தத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது. பிரதமரோ ஏற்கெனவே ராஜினாமா செய்துவிட்டு இடைக்காலமாக உட்கார்ந்திருந்தவர்.

ஆனால் இதை மட்டும் பார்த்து "போகவே மாட்டான்" என்று கணக்குப் போட்டால் 2011 இடிக்கும். 2008-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி 2011 டிசம்பர் 31-க்குள் படை முழுதும் வெளியேற வேண்டும். அமெரிக்காவுக்குச் சில ஆயிரம் பேரை நிறுத்திக்கொள்ள ஆசை. ஈராக் அரசுக்கும் பயிற்சி தர ஆள் தேவைப்பட்டது. பேச்சு முறிந்தது ஒரே விஷயத்தில்தான்: அமெரிக்கச் சிப்பாய் குற்றம் செய்தால் எந்த நாட்டுக் கோர்ட் விசாரிப்பது? எங்கள் ஆட்களை உங்கள் கோர்ட்டில் நிறுத்தக் கூடாது, அதை உங்கள் நாடாளுமன்றமே நிறைவேற்றித் தர வேண்டும் என்றது வாஷிங்டன். ஈராக்கின் பெரும்பாலான கட்சிகள் அதற்குத் தோள் கொடுக்கத் துணியவில்லை. அக்டோபரில் ஒபாமா, எல்லோரும் ஊர் திரும்புகிறார்கள் என்று அறிவித்துவிட்டார்.

ஆக, படை இருப்பதும் போவதும் அந்த நாட்டு அரசின் சம்மதம், சிப்பாய்க்கான சட்டப் பாதுகாப்பு, அமெரிக்காவின் உள்நாட்டு அரசியல் ஆகியவற்றைப் பொறுத்தது. இதில் எது எப்போது கழலும் என்று அங்கிருக்கும் தளபதிகளுக்கே தெரியாது. திருச்சியில் தெரியுமா?

இன்னொன்று, பாதுகாப்புக் காரணம் சொல்லி, அறிவித்த தேதிக்கு முன்பே முடித்துக்கொள்வதும் உண்டு. 2004-இல் ஆக்கிரமிப்பு ஆட்சியை ஜூன் 30 அன்று முடித்து ஈராக்கியரிடம் ஒப்படைப்பதாகச் சொன்னவர்கள், 28-ஆம் தேதியே ஓர் அறைக்குள் காகிதத்தைக் கைமாற்றி முடித்துக்கொண்டார்கள். படை மட்டும் லட்சத்துக்கு மேல் அங்கேயே இருந்தது, அது வேறு கதை. 2011-இல் கெடு டிசம்பர் 31. கடைசி வாகன வரிசை 18-ஆம் தேதி விடியற்காலையிலேயே குவைத் எல்லையைத் தாண்டிவிட்டது.

ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளம் இன்னும் மோசம். 2021 ஜூலைத் தொடக்கத்தில் ஒரே இரவில் காலி செய்துவிட்டுப் போனார்கள். அவர்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மின்சாரம் நின்றது. தளத்தைப் பொறுப்பேற்க வேண்டிய ஆப்கன் தளபதிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. அதற்குள் கொள்ளையர்கள் புகுந்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான தண்ணீர் பாட்டில்களும் சாவியில்லாத வண்டிகளும் கிடந்தன. தளபதிக்கே சொல்லாதவர்கள் மெஸ் மாஸ்டருக்கு ஒரு மாத நோட்டீஸ் கொடுப்பார்கள் என்று நம்புகிறீர்களா? "இரண்டு வருட ஒப்பந்தம்" என்பதற்கு இவ்வளவுதான் மதிப்பு. மெஸ் நடத்த ராணுவம் கம்பெனிக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தையே அமெரிக்க அரசு தனக்கு வசதிப்பட்டபோது நிறுத்திக்கொள்ளலாம். அது நின்றால் அதன் கீழே வரும் வளைகுடா கம்பெனி, மும்பை கம்பெனி, திருச்சி ஏஜென்ட் எல்லாம் வரிசையாகக் கைவிரிப்பார்கள். உங்கள் 2.75 லட்சம் மட்டும் திரும்பாது.

"எர்பில் மட்டும் விதிவிலக்கு, அங்கே குர்து ஆட்சி, அவர்களுக்கு அமெரிக்கன் வேண்டும்" என்று அடுத்து சொல்வார். இந்தப் பேச்சில்தான் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். எர்பில், வடக்கு ஈராக்கில் குர்து இன மக்களின் தன்னாட்சிப் பகுதியின் தலைநகர் என்பது சரி. 2020 தீர்மானத்தின்போது பெரும்பாலான குர்து உறுப்பினர்கள் அவைக்கே வரவில்லை என்பதும் சரி. 2024 செப்டம்பரில் இரு அரசுகளும் வெளியிட்ட திட்டத்திலும் இரண்டு கட்டம் உண்டு: ஈராக்கில் ஐ.எஸ். பயங்கரவாதிகளை எதிர்க்க அமெரிக்கா தலைமையில் அமைந்த கூட்டுப்படையின் பணி 2025 செப்டம்பரோடு முடியும், சிரியா நடவடிக்கைக்கு உதவியாக ஓர் இடத்தில் 2026 செப்டம்பர் வரை இருக்கலாம். அதனால் எர்பிலுக்குக் கூடுதலாக ஒரு வருடம் கிடைத்தது, அவ்வளவுதான். ஈராக் அரசியல் சட்டப்படி வெளியுறவும் பாதுகாப்பும் பாக்தாத்தின் அதிகாரம். குர்து அரசுக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும் கையெழுத்து அவர்களுடையதல்ல. எர்பில் பத்திரமான ஊரும் அல்ல. 2021 பிப்ரவரியில் விமான நிலையத் தளத்தில் ராக்கெட் விழுந்தபோது, தளத்தில் இறந்தவர் ஒப்பந்தப் பணியாளர் ஒருவர்தான்.

இப்போது பணத்துக்கு வருவோம். அமெரிக்க அரசு ஒப்பந்த விதிப்படி, அந்த வேலைக்கு ஆளெடுக்கத் தொழிலாளியிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கவும் கூடாது. துணை ஒப்பந்தக்காரருக்கும் இதே விதிதான். நம் நாட்டுச் சட்டமோ பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் வாங்கலாம் என்கிறது. எந்தச் சட்டத்தைப் பிடித்துப் பார்த்தாலும் 2.75 லட்சத்துக்கு இடமில்லை. வேலை நிஜமென்றால் வசூல் திருட்டு. வசூல் நிஜமென்றால் பெரும்பாலும் வேலை பொய். இது துறையில் எல்லோருக்கும் தெரியும். பதிவு பெற்ற கம்பெனிகள் ஊர் ஊராகச் சப்-ஏஜென்ட் வைத்திருப்பதும் தெரியும். ஏமாந்தவர் புகார் கொடுக்கப் போனால் "பேசி முடிச்சுக்கோங்க" என்று அனுப்புகிற வழக்கமும் மாறவில்லை. வருடா வருடம் விழிப்புணர்வு போஸ்டர் மட்டும் புதிதாக அச்சாகிறது.

துபாய் விசிட் விசா ஏன் தெரியுமா? உங்கள் கணவர் பத்தாவது பாஸ் இல்லாததால், ஈராக்கில் வேலைக்குப் போக மத்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அந்த அலுவலகத்தின் கண்ணில் படாமல் கடத்துவதற்குத்தான் இந்தச் சுற்றுவழி. அனுமதி இல்லையென்றால் 275 ரூபாய்க்குக் கிடைக்கும் 10 லட்ச ரூபாய் பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் கிடையாது. அவர் ஈராக்கில் இருக்கிறார் என்று நம் தூதரகத்துக்கே தெரியாது.

ஏஜென்டிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு எண் என்ன? அமெரிக்க ராணுவத்திடம் நேரடியாக ஒப்பந்தம் எடுத்த கம்பெனியின் பெயர் என்ன? டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட் காப்பீட்டைத் தருவது யார்? மூன்றாவது முக்கியம். 1941-இல் வந்த அந்த அமெரிக்கச் சட்டம், வெளிநாட்டுத் தளங்களில் ஒப்பந்த வேலை செய்யும் இந்தியருக்கும் பொருந்தும். காயம் பட்டால் 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இழப்பீட்டு மனுவுக்குப் பொதுவாக ஒரு வருடம். இறந்தால் மனைவிக்கு உரிமை உண்டு.

பதில் வாயால் வந்தால் ஏற்காதீர்கள், காகிதமாக வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு சென்னையில் உள்ள பாதுகாவலர் அலுவலகத்தில், ஈராக்குக்கு இப்போது அனுமதி தருகிறார்களா என்றும் சேர்த்துக் கேளுங்கள். வளைகுடாவில் வேறு சமையல் வேலை இருக்கிறதா என்று தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்திலும் விசாரிக்கலாம். பாஸ்போர்ட்டை ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், எல்லாவற்றுக்கும் முன் அதைத் திரும்ப வாங்குங்கள். அது இந்திய அரசின் சொத்து. பிடித்து வைத்துக்கொள்ள ஏஜென்டுக்கு உரிமை கிடையாது. தர மறுத்தால் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.