செடி தரும் மருந்துப் பொருளை ஆய்வகத்தில் கூட்ட முடியுமா? கேள்வி பதில்

மதுரையில் திசு வளர்ப்பு ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

திருமங்கலம் விவசாயி: நித்தியகல்யாணி போட்டிருக்கிறேன். ஆய்வகத்திலேயே மருந்து எடுத்துவிட்டால் எங்கள் இலையை யார் வாங்குவார்கள்?

கவலை நியாயமானதுதான் அண்ணே, ஆனால் அந்த நிலை இன்னும் வரவில்லை. புற்றுநோய்க்குத் தரும் வின்பிளாஸ்டின் ஒரு கிராம் கிடைக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். அதனால்தான் குடுவையில் செல்லாக வளர்த்துப் பார்த்தார்கள். வின்பிளாஸ்டின் உருவாக வின்டோலின், கதரந்தின் என இரண்டு பொருள்கள் இணைய வேண்டும். குடுவைச் செல்கள் கதரந்தினைத் தருகின்றன, வின்டோலினைத் தருவதில்லை. அதற்கு முழு உருவெடுத்த இலை வேண்டும். அதிலும் வெவ்வேறு வகைச் செல்கள் வேலையைப் பங்கிட்டுச் செய்தால்தான் அது உருவாகும். 2022-ல் ஈஸ்ட்டுக்குள் மரபணுக்களைப் புகுத்தி இரண்டையும் உண்டாக்கிவிட்டார்கள். பெரிய சாதனை அது. ஆனால் கிடைத்தது லிட்டருக்குச் சில நூறு மைக்ரோகிராம்.

மேலூர் எம்.எஸ்சி. மாணவி: குடுவைச் செல்களில் மருந்துப் பொருளைக் கூட்ட மெத்தில் ஜாஸ்மோனேட்டை எப்போது சேர்ப்பது, எவ்வளவு?

பூச்சி கடித்தால் செடிக்குள் ஜாஸ்மோனேட் ஏறும். எதிர்ப்புப் பொருள்களைத் தயாரிக்கச் சொல்லும் சைகை அது. பூச்சியே இல்லாமல் அந்தச் சைகையை நாம் கொடுக்கிறோம், அவ்வளவுதான். முதலிலேயே கொடுத்தால் செல் பெருக்கம் நின்றுவிடும்மா. நன்றாக வளர்ந்து வேகம் குறையத் தொடங்கும் நேரத்தில் கொடுங்கள். 50, 100, 200 மைக்ரோமோலார் என்று வைத்துப் பாருங்கள். எத்தனாலில் கரைத்துத்தானே ஊற்றுவீர்கள்? வெறும் எத்தனால் விட்ட குடுவையும் ஒப்பீட்டுக்குக் கட்டாயம் வேண்டும். அப்புறம் ஒன்று, இந்தப் பொருளை 1962-ல் பிரித்தெடுத்தது பிச்சிப்பூ எண்ணெயிலிருந்து. மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு மூட்டையில் வருகிறதே, அதே பிச்சி.

கல்லூரி ஆசிரியர்: வியாபாரமாக ஜெயித்தது ஏதாவது உண்டா?

உண்டு சார். 1980-களில் ஜப்பானின் மிட்சுயி நிறுவனம் ஷிகோனின் என்ற சிவப்புச் சாயத்தைச் செல் வளர்ப்பில் எடுத்து விற்றது. பாக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தும் இப்படித் தயாராகிறது.

இன்னொரு மாணவர்: அமுக்கராவுக்கு ஹேரி ரூட் முறை (பாக்டீரியா மூலம் வேரை மட்டும் உண்டாக்கி வளர்ப்பது) சரிவருமா?

நன்றாக வரும் தம்பி. அமுக்கராவின் மருந்துப் பொருள்களான வித்தனோலைடுகள் வேரிலும் உருவாகின்றன. அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்ற மண் பாக்டீரியா பட்டு வரும் வேர், ஹார்மோன் இல்லாமலே வேகமாக வளரும். செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக் போட்டு பாக்டீரியாவை ஒழித்த பிறகு, பிசிஆர் என்ற மரபணுச் சோதனையில் விர்-டி மரபணு (வேருக்குள் போகாமல் பாக்டீரியாவிலேயே தங்குவது) தெரியவில்லை என்று உறுதி செய்யுங்கள். வித்தனோலைடு அளவெடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.